தண்ணி என்ன வேணும்?

(செராசில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இங்கே வருவதற்கு முன்னால் பக்கத்து ஒட்டுக்கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தேன். கடைத் தம்பி வந்து, “அக்கா, தண்ணி என்ன?” என்று கேட்டார். “தண்ணிதான் தம்பி” என்றேன். அவருக்குப் புரியவில்லை. “தே தாரிக்கா, மைலோ ஐஸா, லீமாவ் ஐஸா?” என்று வரிசையாகச் சொல்லிக் கொண்டு போனார். “ஆயர் சுவாம் கொண்டு வாங்க” என்றேன். “அது சரிக்கா, தண்ணி என்ன?” என்று மறுபடியும் கேட்டார்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் தவறு அந்தத் தம்பியுடையது அல்ல. நம் நாட்டில் ‘தண்ணி’ என்று கேட்டால் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் அதில் அடக்கம். (இன்னொரு ‘தண்ணி’யும் இருக்கிறது, அதைப் பற்றி வேறொரு நாள் வேறொருவர் பேசுவார்.) உண்மையான தண்ணீரை மலாயில் ‘ஆயர் கோசோங்’ என்கிறார்கள். கோசோங் என்றால் காலி, ஒன்றுமில்லை. நாமும் சளைத்தவர்கள் இல்லை. “வேண்டாம்மா, வெறும் தண்ணி போதும்” என்போம். விருந்தாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்துவிட்டால் வீட்டுப் பெண்களுக்கு மானப் பிரச்சினை. அந்த ‘வெறும்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நான் படித்தது மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பத்து ஆண்டுகள் அதைக் குடிக்காமல் இருந்து மாட்டிக் கொண்டதுதான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளிப்புறப் பதிவு என்றால் காலை ஏழு மணிக்குச் சேலையைக் கட்டி, இருபது ஊசி குத்தி நிறுத்திவிடுவார்கள். கழிப்பறை எங்கோ பின்பக்கம் இருக்கும். கதவில் தாழ்ப்பாள் இருக்காது, அல்லது குழாயில் நீர் வராது. அதனால் பெண்கள் ஒரு தந்திரம் கற்றுக் கொள்கிறோம்: குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேரப் பதிவுக்கு அரைப் போத்தல் தண்ணீர். அதைத் திறமை என்றே நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஒரு தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிப் பதிவு முடிந்த இரவு, குளிர் காய்ச்சலோடு இடுப்பில் வலி எடுத்தது. சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. ஐந்து நாள் மருத்துவமனை. அங்கே ஒரு பெண் மருத்துவர், “ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, “ரெண்டு தடவை” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2018-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், குறைவாகவே தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக் கொண்டு, பாதிப் பேரை தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுக்குத் தொற்று வந்தது சராசரியாக 1.7 தடவை, வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 தடவை. ஏறக்குறைய பாதி! மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அதே ஆயர் கோசோங்.

இதைப் படித்த வேகத்தில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு லிட்டர் போத்தல் ஒன்று வாங்கினேன். பக்கவாட்டில் மணி போட்டிருக்கும் - ‘9 மணி’, ‘11 மணி’, ‘சபாஷ், இன்னும் கொஞ்சம்தான்’ என்று. கைப்பேசியிலும் ஒரு செயலியை ஏற்றிக் கொண்டேன். ஒரு மணிக்கு ஒரு தடவை அது மணியடிக்கும். ஒரு நேர்காணலின் நடுவே, விருந்தினர் தம் தாயாரின் மறைவைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தபோது ‘டிங்’ என்று அடித்தது. அன்றே நீக்கிவிட்டேன். போத்தலும் நிலைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பார்த்தால் காலைக் கோட்டிலேயே தண்ணீர் நிற்கும். கணக்கை முடிக்க மடமடவென்று குடிப்பேன். இரவில் மூன்று தடவை எழுந்திருப்பேன். தண்ணீர் எனக்குப் பாடப்புத்தகம் போல் ஆகிவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் திறந்து பார்ப்பது.

என்னை மாற்றியது எங்கள் மேக்கப் அக்கா. அவர் எப்போதும் ஒரு பழைய பிளாஸ்க் வைத்திருப்பார். ஒரு நாள் மூடியில் ஊற்றி, “இந்தாம்மா, ரெண்டு வாய் குடி” என்று நீட்டினார். இளஞ்சூடாகச் சீரகத் தண்ணீர். இரண்டு வாய் என்று தொடங்கி மூன்று மூடி குடித்தேன். யாரும் கணக்கு எழுதவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தேடிக் கொண்டிருந்தது ஒழுங்கை. எனக்குக் கிடைக்காமல் இருந்தது ருசி.

நம் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிக்கிறோம். பாதுகாப்பு, சரி. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது? கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. அதைத் திரும்பக் கொண்டு வர ஒரு வழி உண்டு. ஆறிய தண்ணீரைச் சுத்தமான ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நாலைந்து தடவை உயரமாக ஊற்றி ஆற்றுங்கள். காற்று கலந்து சுவை திரும்பும். தேயிலையை ஆற்றி உலகப் புகழ் பெற்ற நாடு இது. தண்ணீரையும் ஒரு தடவை ‘தாரிக்’ போட்டுப் பாருங்களேன்! என் வீட்டில் இது பிள்ளைகளின் வேலை. பாதி தரையில் போகும். மீதியை அவர்களே குடித்துவிடுகிறார்கள்.

மண்பானை வாங்கலாமா என்று கேட்பீர்கள். நானும் வாங்கினேன். திருச்சியில் என் சித்தி வீட்டுப் பானைத் தண்ணீர் ஐஸ் போல் இருக்கும். செராசில் அப்படி ஆகவில்லை. காரணம் எளிது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியானால்தான் உள்ளே குளிரும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் மண் வாசனை கிடைக்கிறதே, அதற்காக வைத்திருக்கிறேன்.

குளிர்ச்சியை விடுங்கள், வாசனைக்கு நம் ஊரில் பஞ்சமா? பாண்டான் இலை இரண்டை முடிச்சுப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். செராய்த் தண்டை நசுக்கிப் போடுங்கள். லீமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழியுங்கள் - ஆனால் அதையே நாள் முழுவதும் சப்பிக் கொண்டிருந்தால் புளிப்பு பல்லைத் தேய்க்கும், கவனம். செலாசி என்று இங்கே விற்கும் சப்ஜா விதையை ஊற வைத்துப் போடலாம். நம் பாட்டிமார் வெட்டிவேர் போட்டார்கள், துளசி போட்டார்கள். கேரளத்தில் சாப்பாட்டுக் கடைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்; பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்து, ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டு வந்து வைப்பார்கள். அதன் பொட்டலத்துக்குத் ‘தாக சமனி’ என்று பெயர். தண்ணீருக்கு இப்படி ஓர் அலங்காரம்! சர்க்கரை ஒரு சிட்டிகை கூட இல்லை.

சர்க்கரை என்றதும் நம் பக்கத்துக்கு வருவோம். புதன்கிழமை இரவு தாமான் கோனாட் பசார் மாலாமுக்குப் போகாதவர்கள் இங்கே யாராவது உண்டா? வியர்த்து நடக்கிறோம், தாகம் எடுக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய ஜாடிகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும் உடம்புக்கு நாம் கொடுப்பது சாயமும் சீனியும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். அதே 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள போத்தல் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024-ல் அது 50 சென்னாக ஏறியது, 2025-லிருந்து இன்னும் ஏற்றம். ஆனால் ஜாடித் தண்ணீருக்கும் தே தாரிக்குக்கும் அந்த வரி கிடையாது. அதற்கான வரியை நம் கணையம்தான் கட்டுகிறது.

ஆண்டுக்கு ஒரு முறை நாம் தண்ணீரை எப்படிக் கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதம் போகிறது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல். “வாங்கம்மா, குடிங்கம்மா, இன்னொரு கிளாஸ் எடுத்துக்குங்க” என்று கையில் திணிக்கிறார்கள். எத்தனை மில்லிலிட்டர் என்று எவரும் கேட்பதில்லை. பெரிய புராணத்தில் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதுவரை கண்ணால் கூடக் காணாத திருநாவுக்கரசர் பெயரை அதற்குச் சூட்டியதைப் படித்திருப்பீர்கள். தண்ணீரை விருந்தாக்கிய பரம்பரை நாம். ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும், கோபித்துக் கொள்ளாதீர்கள்: இப்போது பல பந்தல்களில் சிவப்பு சிரப்புத்தான் முன்னால் நிற்கிறது. நீர்மோர் பின்னால் போய்விட்டது.

என் அப்பாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். “தாகமே எடுக்கலம்மா” என்பார். வயது ஏறினால் தாக உணர்வு மங்கும் என்பது உண்மைதான். பிளாஸ்டிக் போத்தல் வாங்கிக் கொடுத்தேன், தொடவே மாட்டார். கடைசியில் அம்மா இருந்த காலத்துச் செம்பையும் டம்ளரையும் தேய்த்து அவர் நாற்காலி பக்கத்தில் வைத்தேன். மாலைக்குள் செம்பு காலி. அவருக்குத் தண்ணீரில் வெறுப்பு இல்லை, போத்தலில்தான்.

எவ்வளவு குடிப்பது? நம் சுகாதார அமைச்சின் 2020 உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிளாஸ் என்கிறது. ‘எட்டு கிளாஸ்’ வேதவாக்கு இல்லை. 1945-ல் அமெரிக்காவில் நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று எழுதியவர்கள், அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதினார்கள். அந்த அடுத்த வரியைத்தான் பலர் படிக்கவில்லை. ரசம், மோர், தர்பூசணி, சீனி போடாத தேநீர் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் போதுமானது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அளவுக்கு மீறினால் தண்ணீரும் ஆபத்து. 2007-ல் கலிபோர்னியாவில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்குப் பரிசு என்று போட்டி வைத்தது. கலந்து கொண்ட ஒரு தாய் அன்றே இறந்து போனார். எங்கள் ஒலிபரப்புத் துறைக்கே அது அவமானம். அதே போல, நம் நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் டயாலிசிஸ் செய்து கொள்கிறார்கள். அவர்களுக்கும் இதய பலவீனம் உள்ளவர்களுக்கும் மருத்துவர் சொன்ன அளவுதான். என் பேச்சைக் கேட்டு யாரும் அவர்கள் கையில் டம்ளரைத் திணித்துவிடாதீர்கள்.

2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குதாரர்களுக்குக் குழாய் நின்றது. வாளியோடு லாரியின் பின்னால் நின்றவர்கள் எவரும் அன்று அதை வெறும் தண்ணி என்று சொல்லவில்லை.

எனவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி விட்டு வரும் மகளின் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் திட்டாதீர்கள். “ஸ்கூல் டாய்லெட் எப்படிம்மா இருக்கு?” என்று கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைகளைச் சீரமைக்கச் சொல்லி 2023-ல் அரசாங்கமே முனைந்து இறங்கியது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் தாழ்ப்பாள் விழுகிறதா என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கேட்டால்தான் தெரியும். தொழிற்சாலையில், கடையில், படப்பிடிப்பில் வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கேள்விதான். நானும் இப்போதெல்லாம் பதிவுக்கு ஒப்புக் கொள்வதற்கு முன் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்டுக் கொள்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, கேள்வி நேரத்துக்கு முன் பத்து நிமிட இடைவேளை. பின்னால் மேசையில் மூன்று ஜாடிகள் இருக்கின்றன: ஒன்றில் பாண்டான் தண்ணீர், ஒன்றில் சீரகத் தண்ணீர், ஒன்றில் ஆற்றிய ஆயர் கோசோங். கழிப்பறை இடது பக்கம். தாழ்ப்பாள் விழுகிறது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.