சிறுநிலமும் பழங்கருவியும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவைப் புகழ்வார் பலர். உழவன் கைக்கருவியைப் பற்றி எண்ணுவார் சிலரே. ஆதலின், செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை ஈறாக வாழும் நம் சிறுநிலக்காரர், மண்ணுள் விளையும் பொருளை எக்கருவி கொண்டு எடுப்பது நலம் என்பதனை இன்று ஆராய விழைகின்றோம்.

மண்ணுள் விளைவனவற்றுள் நமக்குத் தலையாயது வேர்க்கடலை. பெயரில் வேர் உண்டாயினும் அது வேரன்று, காயேயாம். பூ மேலே பூக்கும். கருவுற்றபின் அதன் காம்பு நீண்டு, கீழிறங்கி, மண்ணுட் புகுந்து காயைத் தரும். மரவள்ளிக் கிழங்கு சின்னாள் மண்ணிற் காத்திருக்கும். கொத்துக் கடலையோ முற்றியபின் மழை பெய்யின் மண்ணுள்ளேயே முளைத்துவிடும். மண் இறுகியபின் பிடுங்கினால் செடி கையில் வரும்; காய் மண்ணில் நிற்கும். ஆகவே ஈரம் பதமாயுள்ள சில நாட்களுக்குள் வேலை முடிதல் வேண்டும். அந்நாட்களில் ஊர் முழுமைக்கும் ஆள் வேண்டும். இளைஞரோ தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர், ஏர்மாடுகளும் அருகிவிட்டன.

"பெரிய இயந்திரம் வருவிப்போம்" என்பாருக்கு ஒரு கணக்குக் கூறுவோம். 66 அடி அகலமும் 132 அடி நீளமும் உள்ள கொல்லை 20 சென்ட் ஆகும். டிராக்டர் திரும்புதற்கு இரு முனையிலும் பத்துப்பத்து அடி விடின், நீளவாக்கில் ஓட்டினும் 3 சென்ட் இயந்திரத்திற்குப் புறம்பாகும். குறுக்கே ஓட்டின் 6 சென்ட் புறம்பாகும். நிலம் சிறுத்தால் நட்டம் பெருகும் என்பது இதனாற் பெறப்படும்.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1860-களில், ஆளுநர் சர் வில்லியம் டெனிசன் காலத்தில், அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த சைதாப்பேட்டையில் அரசினர் பண்ணை நிறுவப்பட்டது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய கருவிகள் வந்தன. அந்நீராவிக் கலப்பை நம் குடியானவர் கொல்லைகளில் நிலைபெறவில்லை. பின்னர் இந்நாட்டு உழவை ஆராய்ந்த அறிஞர் வோல்க்கர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில், நாட்டுக் கருவிகள் எளியவாயினும் குடியானவன் நிலைக்குப் பெரும்பாலும் ஏற்றவையே என்று எழுதினார். நிலத்திற்கேற்ற கருவி வேண்டுமேயன்றிக் கருவிக்கேற்ற நிலம் தேடலாகாது என்பதே இதன் சாரம்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? நம் ஊர்களிற் பழைய பவர் டில்லர்கள் கொட்டகைகளில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்பாக எடை போட்டு விற்றல் வேண்டா. சுழலும் கத்திகளைக் கழற்றிவிடுக. இன்றேல் அவை காயை நறுக்கிவிடும். அவற்றிற்கு ஈடாகப் பின்னே அகன்ற தட்டைக் கத்தி ஒன்றைக் கிடையாகப் பொருத்துக. காய்கள் பெரும்பாலும் 4 அங்குலத்தினுள்ளே தங்குமாதலின், கத்தி அதற்குச் சற்றுக் கீழே ஓடி ஆணிவேரை அறுத்து மண்ணை நெகிழ்த்தினாற் போதும். ஓட்டுமுன் சில காய்களை உடைத்து, ஓட்டின் உட்புறம் கறுத்துள்ளதா எனக் காண்க. முதற்சால் ஓடியதும் மண்ணைக் கிளறி, தங்கிய காய்களை எண்ணிக் கத்தியின் ஆழத்தைத் திருத்துக. கடலோர மணலிற் கொத்துக் கடலைக்குக் கையே போதும். இறுகும் செம்மண்ணுக்கே இக்கருவி இன்றியமையாதது. இயந்திரம் இல்லாதார் அரசினர் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்குக் கேட்கலாம்.

"பெண்டிர்க்குக் கூலி போமே" எனச் சிலர் வினவுவர். கத்தி நெகிழ்த்தும் அளவே செய்யும். செடியை எடுத்தலும் உதறுதலும் காய் ஆய்தலும் கையாற் செய்வனவே. கூலி மிகுதியும் அவ்வேலைகளிலேயே உளது.

அன்பர்களே! மண்ணில் தங்கும் காய் ஒவ்வொன்றும் நம் இலாபத்திற் குறைவதாம். இலாபமற்ற கொல்லை வீட்டுமனையாகின்றது; கடற்கரைச் சாலையின் இருமருங்கும் இதற்குச் சான்று. மனையான கொல்லை மீண்டும் விளைநிலமாதல் அரிது. ஆதலின் பத்துக் குடும்பத்தார் சேர்ந்து ஒரு பழைய இயந்திரத்தைச் செப்பனிட்டுப் பொதுவில் வைத்தல் வேண்டும். முறை வைக்குங்கால் செல்வமும் செல்வாக்கும் நோக்காது, எவர் கடலை முன் முற்றியதோ அவர்க்கே முதன்மை தருக. பக்கத்துக் கொல்லைக்காரர் எக்குலத்தாராயினும் அவர்க்கும் உதவுக. சிறு தொகை ஒன்றைச் செப்பனிடுதற்கென ஒதுக்குக. வரும் பட்டத்திற்கு முன்னர் ஊருக்கொன்றாயினும் இவ்வாறு அமையுமாறு செய்தல் நம் சங்கத்தார் கடன் என்று கூறி அமைகின்றோம்.