அம்மாவின் இதய மாத்திரையும் நான் செய்த தப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் என்று பேசித்தான் எனக்குப் பழக்கம். இன்னிக்கு எங்க அம்மா சாப்பிடுகிற ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அது இதய வால்வைச் சுருக்கிவிட்டது என்பது பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. டாக்டர் கொடுத்த மருந்துகளில் ஒன்று டிஜாக்சின். கால் மில்லிகிராம்தான், சின்ன மாத்திரை. உட்கார்ந்திருந்தால் அம்மா நன்றாக இருந்தார். பரிசோதனைக்குப் போனால் நாடி 76. ஆனால் கோழிப் பண்ணையில் தீவன வாளியைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். இதை டாக்டரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. "ஒண்ணு பத்தலையாட்ட இருக்குது, ரெண்டாப் போட்டுக்கம்மா" என்று சொன்னது நான்தானுங்க.

பத்தே நாளில் சோறு இறங்கவில்லை. குமட்டல். பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பித்தம் என்று நினைத்து சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் கிறுகிறுத்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாடி 40க்கும் கீழே. மருந்து ரத்தத்தில் மிஞ்சிப் போயிருந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அங்கே டாக்டரம்மா விளக்கியதை நம்ம ஊர்க் கிணற்றை வைத்துச் சொல்கிறேன். கிணறு ஊற நேரம் விட்டால்தானே மோட்டார் போட்டதும் தண்ணி வரும்? வால்வு சுருங்கிய இதயம் வேகமாக அடித்தால், ரத்தம் வந்து நிறைவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். மூச்சு முட்டும். டிஜாக்சின் இரண்டு வேலை செய்கிறது. இதயத் தசை சுருங்கும் பலத்தைக் கூட்டுகிறது; வேகஸ் என்ற நரம்பு வழியாகத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது.

சும்மா இருக்கும்போது அந்த நரம்பின் கை ஓங்கியிருக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும். உழைக்கும்போது கதை வேறுங்க. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் போல ரத்தம் அனுப்பும் நல்ல இதயம், கடும் வேலையில் 15 லிட்டருக்கு மேலும் அனுப்பும். அதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. உடனே வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது; மாத்திரை போட்ட கடிவாளமும் நழுவுகிறது. அதற்கு இதே மாத்திரையைக் கூட்டுவது வழியல்ல. இதில் குணம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அம்மாவுக்கு வேகத்தை அடக்க வேறு மருந்து சேர்த்தார்கள். இப்போது நிதானமாக வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறார்.

இந்த மருந்தின் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு பாட்டி, உடம்பு வீக்கத்துக்கு இருபதுக்கு மேல் மூலிகை சேர்த்துக் கைமருந்து கொடுத்து வந்தார். அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடிதான் என்று கண்ட வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், 1785இல் புத்தகம் எழுதினார். பாட்டியின் பெயரை எழுதவில்லை. அளவு தப்பினால் ஆபத்து என்பதை அப்போதே எழுதினார். நம்ம வேலியோரத்து மஞ்சள் அரளி விதையில் இருப்பதும் இதே இனத்து விஷம்தான். அது மருந்தாகாது, ஆளைக் கொல்லும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நம்ம குழுப் பெண்கள்தான் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் "உட்கார்ந்தா எப்படி இருக்குது?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "குடம் தூக்கினா, படி ஏறினா எப்படி இருக்குது?" என்றும் கேளுங்கள். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குமட்டல், மஞ்சள் பார்வை, நாடி 60க்குக் கீழே என்றால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேட்க வேணுமுங்க.