செவ்வாயின் நிறை சொன்ன குரல்



சென்னையைச் சூழ்ந்த நவக்கிரகத் தலங்களுள் செவ்வாய்க்கு உரியதாகப் போற்றப்படுவது நம் பூந்தமல்லி வைத்தீசுவரர் திருக்கோயில். செவ்வாய் தோஷத்தால் மகளின் திருமணம் தள்ளிப்போகிறதே என்னும் கவலையோடு பெற்றோர் இங்கு வந்து நிற்கின்றனர். அவர்தம் நெஞ்சில் அக்கோளின் கனம் பெரிது. அதன் உண்மைக் கனத்தை அறிவியல் எவ்வாறு கண்டது?

தராசினால் அன்று, குரலினால். நெடுஞ்சாலையில் நெருங்கும் பேருந்தின் ஒலி சுருதி கூடியும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறது. விண்கலத்தின் வானொலி அலையும் அத்தகையதே. அலைவெண்ணின் மாற்றம் வேகத்தை உரைக்கும். அலை சென்று மீளும் காலம் தொலைவை உரைக்கும். இரண்டும் சேரப் பாதை புலனாகும். பாதையை வளைக்கும் ஈர்ப்பும் புலனாகும். 1965இல் மாரினர்-4 செவ்வாயைக் கடந்தபோது அதன் நிறை இவ்வாறே அளக்கப்பட்டது.

2014 செப்டம்பர் 24இல் மங்கள்யான் அங்குச் சென்றடைந்தது. அதன் குரல் பூமியை எட்ட ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஆயின. பெங்களூருவை அடுத்த பைலாலுவில் 32 மீட்டர் அலைவாங்கி செவிசாய்த்தது. சுற்றுப்பாதையின் அண்மை 421.7 கி.மீ.; சேய்மை 76,993.6 கி.மீ.; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 73 மணி நேரம். செவ்வாயின் ஆரத்தையும் சேர்த்து நியூட்டன் விதியில் இட்டுப் பார்த்தால், அதன் நிறை பூமியினதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு என்றே விடை வரும்.

2022இல் அக்குரல் ஓய்ந்தது. அது சொன்ன கணக்கில், ஒரு பெண்ணின் மணநாளைத் தடுக்கும் பாரம் எதுவும் இல்லை. அதனை அப்பெற்றோர் செவிகொள்ளும் தமிழில் சொல்லுதல் கவிஞர் கடன்.