தடுப்பூசியும் மஷூராவும்

 

2017 பிப்ரவரியில் நம் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் உட்படத் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாம் மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

அந்நாளில் ஒரு தம்பதியர் என்னிடம் வந்தனர். மகளுக்குப் போடவேண்டும் என்கிறார் தாயார். தகப்பனாரோ கைப்பேசியைக் காட்டி, "ஹஜ்ரத், பிற்காலத்தில் பிள்ளை பாக்கியமே இல்லாமல் போய்விடுமாம்" என்கிறார்.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, உள்ளே செல்வதா திரும்புவதா என்று உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே மஷூரா செய்தார்கள். ஸஹாபாக்களே கருத்து வேறுபட்டார்கள். அதுபற்றிய நபிமொழியை அறிந்திருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து எடுத்துரைத்ததும் சர்ச்சை ஓய்ந்தது. "விஷயம் அறிந்தவரிடம் கேட்போம்" என்றேன். (மதரஸாவில் ஓதிய நான் மருத்துவம் தெரிந்ததுபோல் பேசுவது முறையன்று.)

மருத்துவர் விளக்கினார்: மலடாகும் என்பது பொய். ரூபெல்லா பிள்ளைகளுக்கு இலேசாகப் போய்விடும். கருவுற்றவளுக்கு வந்தால் சிசுவின் கண், செவி, இதயம் பழுதாகக்கூடும்.

தகப்பனார் நெடுநேரம் மகளையே பார்த்திருந்தார். மறுநாள் முகாமுக்கு அவரே அழைத்துச் சென்றார்.