எங்கள் கடலேரியின் பெயரில்லாத பிள்ளைகள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் உயர்தர வகுப்பிலிருந்து வைத்தியர்களானவர்கள் ஏழு பேர். அதனால் இந்த உரையில் 'நாங்கள்' என்று வருவது அந்த ஏழு பேரையும்தான். வாசிப்பது ஒருத்தி, நினைவுகள் எல்லோருடையவை. சங்கத்திலிருந்து தொலைபேசி எடுத்தவர்கள் சலரோகம் பற்றியோ பிறஷர் பற்றியோ பேசினால் நல்லது என்றார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அவை பற்றி எங்களைவிட அனுபவம் அதிகம். ஆகவே வேறொன்றைப் பேச வந்திருக்கிறோம். ஒரு மில்லிமீற்றர் நீளமான ஓர் உயிரைப் பற்றி.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அடுத்த ஆண்டு சித்திரையில் திரும்பி வந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்தவை கொஞ்சம்தான். உயர்தர விலங்கியலுக்கு நாங்கள் வந்த நேரம் வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. மின்சாரம் நம்பமுடியாது. யன்னலோரம் வைத்து, அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, வரிசையில் நின்று பார்த்தோம். முகில் வந்தால் அடுத்தவள் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் எங்கள் விலங்கியல் ரீச்சர் பண்ணைக் கடலேரித் தண்ணீரை ஹோர்லிக்ஸ் போத்தலில் கொண்டுவந்தா. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூசி துள்ளுவதுபோல் இருந்தது. ஒரு துளியை வழுக்கியில் விட்டு மூடித்துணுக்கு வைத்துப் பார்த்தபோது அந்தத் தூசிக்கு ஒற்றைச் சிவப்புக் கண் இருந்தது. உடம்பைவிடப் பெரிதாக விரிந்த இரண்டு உணர்கொம்புகள். பின்னால் இரண்டு பைகள் நிறைய முட்டை. கோப்பிபொட் என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதினா. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம், கிரஸ்ரேசியா.

எங்கள் வகுப்பில் படம் கீறுவதில் ஒருத்தி கெட்டிக்காரி. மற்றவர்கள் இரண்டு கோடு கீறிப் பெயர் குறித்து முடிக்க, அவள் மட்டும் இடைவேளைக்கும் போகாமல் இருந்து கீறினாள். கடைசிச் சோடிக் கால் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் இல்லை என்று ரீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ரீச்சர், இதுக்கு என்ன பேர்?"

"தெரியாது பிள்ளை. ஆரும் பேர் வைச்சிருக்கினமோ எண்டும் எனக்குத் தெரியாது."

தெரியாது என்று ஓர் ஆசிரியை வகுப்பில் சொன்னதை நாங்கள் கேட்டது அதுதான் முதல்தடவை.

அந்தக் கேள்வி உண்மையில் எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் விளங்கியது. கோப்பிபொட் இனங்கள் 10,000க்கு மேல் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. எங்கள் பக்கத்துக் கடலில் அந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது முத்துச்சிப்பியால். மன்னார்ப் பார்களில் சிப்பி வருடக்கணக்கில் பொய்த்துப்போக, காரணம் அறிய 1902இல் இலங்கை அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனை வரவழைத்தது. அவர் உதவியாளர் ஹோர்ணலுடன் வந்து, 'லேடி ஹவ்லொக்' என்ற அரசாங்கக் கப்பலில் ஏறி, வலை இழுத்து, அகப்பட்டதையெல்லாம் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனார். ஒவ்வொரு கூட்டத்தையும் அதில் வல்லவர் ஒருவரிடம் கொடுத்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக ரோயல் சொசைற்றி அறிக்கை வெளியிட்டது. கோப்பிபொட்டுகளைப் பார்த்தவர்கள் ஐசக் தொம்சனும் அன்ட்ரூ ஸ்கொட்டும். அவர்கள் புதிதாக விவரித்தவற்றில் ஒன்றுக்கு இன்று பொன்ரெலொப்சிஸ் ஹேர்ட்மனி என்று பெயர். எங்கள் தீவைச் சுற்றிய கடலில் எத்தனையோ தலைமுறை நீந்திய உயிர், சில மாதம் வந்து போன பேராசிரியரின் பெயரைச் சுமக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. உழைத்தவர்தான். ஆனால் முத்துக்குளித்தவர்களில் ஒருவருடைய பெயரையாவது ஒரு கூனிக்கு வைத்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும்.

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். இந்தியக் கடலின் சிறு ஓட்டுயிர்களுக்குப் பெயர் வைத்தவர்களைத் தேடிப் போனால் வைத்தியர்களாகவே அகப்படுகிறார்கள். 'இன்வெஸ்ரிகேற்றர்' என்ற அளவைக் கப்பலில் வைத்தியரே இயற்கை ஆய்வாளராகவும் இருப்பது வழமை. அதில் போன ஜைல்ஸ், வங்காள விரிகுடாவின் சின்னஞ்சிறு அம்பிபொட்டுகளை விவரித்தார். 1900இல் நுளம்புகள் பற்றிக் கைநூல் எழுதியவரும் அவரே. அவருக்குப் பின் வந்த அல்கொக் நண்டுகளிலும் இறால்களிலும் பெரும் நிபுணராகி, கல்கத்தா அருங்காட்சியகத்தை நடத்தினார். 1910இல் அதே பதவிக்கு வந்த சியூவெல் கோப்பிபொட்டுகளைப் பிடித்துக்கொண்டார். 1919இல் அவர் விவரித்த சூடோடயப்ரோமஸ் அனண்டேலி என்ற இனம் ஆசியாவின் உவர்நீர்க் கழிமுகங்களில் பரவலாகக் கிடைப்பது. இப்போது தாய்வானில் மீன்குஞ்சுகளுக்குத் தீனியாக அதை வளர்க்கிறார்கள். இந்தியாவின் விலங்கியல் அளவைத் திணைக்களத்துக்கு முதல் இயக்குநராக இருந்த அனண்டேலின் பெயர் அது. சில ஆண்டுகளின் பின் அதே நாற்காலியில் இருந்தவர் சியூவெல். வாட்டில் நோயாளி பார்த்த கையே வலையும் இழுத்தது. 'வைத்தியமா, விலங்கியலா' என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் என்ன? புதிய பிராணியைக் கண்டுவிட்டோம் என்று பத்திரிகைக்குச் சொல்வதல்ல. கிட்டத்தட்ட ஒரு சத்திரசிகிச்சைதான் அது. அரிசியிலும் சிறிய உடலைக் கிளிசரீன் துளியில் வைத்து, தலைமயிர் தடிப்புள்ள ஊசிகள் இரண்டால் ஒவ்வொரு காலாகப் பிரிக்க வேண்டும். உணர்கொம்பு, வாயுறுப்பு, நீந்தும் கால்கள் எல்லாம் தனித்தனியே. ஆணும் பெண்ணும் வேறுவேறாக. கலனொயிட் என்னும் கூட்டத்தில் ஆணின் ஐந்தாவது சோடிக் கால் இடம் வலம் ஒத்திராது. ஒரு பக்கம் இடுக்கிபோல் வளைந்திருக்கும், பெண்ணைப் பிடிப்பதற்கு. இனத்துக்கு இனம் மாறுவது பெரும்பாலும் அந்தக் கால்தான். எங்கள் சிநேகிதி யன்னலோரம் நின்று சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

பிரித்த ஒவ்வோர் உறுப்பையும் நுணுக்குக்காட்டியில் பொருத்திய கண்ணாடி வழியே தாளில் விழும் நிழலைத் தொடர்ந்து கீற வேண்டும். ஒரு முள் கூடினாலும் குறைந்தாலும் பிழை. இதற்கிடையில் முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை பன்னிரண்டு பருவங்கள் உண்டு. முதல் ஆறு நோப்பிளியஸ், பிந்திய ஆறு கோப்பிபொடிட், அவற்றுள் கடைசியே முதிர்ந்தது. பருவம் பார்க்காமல் ஒரு குஞ்சைப் புதிய இனம் என்று எழுதிவிட்டால் அவமானம் ஆயுளுக்கும் நிற்கும். பிறகு, உறவான இனங்களின் பழைய விவரணங்கள் முழுவதையும், நூறு வருடத்துக்கு முந்தியதையும், தேடி எடுத்து ஒப்பிட வேண்டும். இப்போது மரபணு வரிசையும் சேர்க்கிறார்கள். எல்லாம் முடிந்த பின்பு ஒரேயொரு உடலை மூலமாதிரி என்று குறித்து, எந்த அருங்காட்சியகத்தில் எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெயர் என்றைக்கும் அந்த ஓர் உடலோடு கட்டுண்டது. எங்களுக்கு இது பிரேதபரிசோதனை அறிக்கையை நினைவூட்டும். அவசரப்பட்டு எழுதமுடியாது, ஊகம் எழுதமுடியாது.

பெயர் இலத்தீன் எழுத்தில் இருந்தால் போதும், சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். 1961இல் இலங்கை ஆய்வாளர் பிள்ளை தம்பலகாமக் கடலேரியின் புழு ஒன்றுக்குத் தம்பலகாமியா என்றே பேரினப் பெயர் வைத்தார். உலகத்தின் எந்த மூலையில் அந்தப் புழுவைப் பற்றி எழுதினாலும் தம்பலகாமம் என்று எழுதித்தான் ஆகவேண்டும். பண்ணைக்கும் காக்கைதீவுக்கும் தொண்டைமானாற்றுக்கும் அப்படி ஏன் வரக்கூடாது? தொண்டைமானாற்றில் உவர்நீரை மறிக்கத் தடுப்பணை கட்டினோம். உப்பு மாறினால் அதில் வாழும் கூனிகளும் மாறும். அணைக்கு முன்னே இருந்தவை எவை என்ற முழுமையான பட்டியலை எங்கள் கையில் எவரும் தரவில்லை. கடலேரி மீன்குஞ்சின் முதல் வாய் உணவு இந்த நோப்பிளியஸ்தான். குருநகர்ச் சந்தையில் விலை பேசும்போது அதை யாரும் நினைப்பதில்லை.

வைத்தியத்துக்கும் இது புறம்பானதல்ல. நரம்புச்சிலந்தி என்று எங்கள் முன்னோர் அறிந்த நோய், குடிதண்ணீரோடு விழுங்கிய நன்னீர்க் கோப்பிபொட்டால் வந்தது. 1870இல் ஃபெட்சென்கோ அதைக் கண்டார். துணியால் வடித்துக் குடிக்கச் சொன்னதும் அந்த ஒழிப்பின் முக்கிய பகுதி. 2000ஆம் ஆண்டு இந்தியா அந்த நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. வாந்திபேதிக் கிருமியும் கோப்பிபொட்டின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழும். பங்களாதேசில் பெண்கள் பழைய சேலையை நான்காக மடித்துத் தண்ணீர் வடித்ததால் அந்த நோய் 48 வீதம் குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வு சொன்னது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா குடத்து வாயில் வெள்ளைத்துணி கட்டியே கிணற்றுத் தண்ணீர் வார்ப்பா. அதை நாங்கள் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று சிரித்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. சொல்வதற்கு அவளுடைய அனுமதி இருக்கிறது.

பெறுபேறு வந்தபோது அந்தச் சிநேகிதிக்கு மருத்துவபீடத்துக்குப் போதுமான புள்ளி இருந்தது. அவள் விஞ்ஞானபீடத்தில் விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் மூன்றுநாள் சமையல் இல்லை. தாயார் எங்களைக் கூப்பிட்டனுப்பினா. நாங்கள் ஆறு பேரும் சைக்கிளில் போனோம். திண்ணையில் இருந்து, கூனிக்குப் பின்னால் திரிந்து என்ன கிடைக்கப்போகிறது, இந்த நாட்டில் இந்தக் காலத்தில் இப்படி ஒரு இடத்தை யாராவது விடுவார்களா என்றெல்லாம் பேசினோம். நன்றாகப் பேசினோம். மாலைக்குள் அவள் சம்மதித்துவிட்டாள். அன்று அந்த அம்மா தந்த தோசையின் ருசிகூட நினைவிருக்கிறது.

அவள் இன்று தூரதேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்கமருந்து வைத்தியநிபுணர். எத்தனையோ பேர் அவளுடைய கையில் தூங்கிப் பத்திரமாக விழித்திருக்கிறார்கள். இந்த உரையை எழுதுவதற்காகப் பேசியபோது, "எனக்குத் துக்கம் ஒண்டும் இல்லையடி. நீங்கள் சொல்லாட்டியும் அம்மாவுக்காக ஓமெண்டுதான் இருப்பன்" என்றாள். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கொப்பியை மட்டும் குடுத்திருக்கக்கூடாது" என்றாள்.

செய்முறைக் கொப்பியை அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம். தாளும் விலை, கொப்பியும் விலை. நல்ல படம் உள்ள கொப்பிக்குப் போட்டியும் இருந்தது. அவளுடையது கைமாறிக் கைமாறி எங்கே போனதோ தெரியாது. அந்தக் கால் உண்மையிலேயே புதிய இனத்தின் காலா, அல்லது எப்போதோ பெயர் வைக்கப்பட்ட ஒன்றா, அல்லது முதிராத பருவமா என்று அந்தப் படத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்த ஒருவர் ஓரளவாவது சொல்லக்கூடும்.

நூற்றாண்டு நிதியில் முகப்பு வளைவு கட்டுவதாகக் கேள்வி. வளைவு அழகாகத்தான் இருக்கும். நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து எங்கள் பங்கை ஆய்வுகூடத்துக்கு என்று குறித்துத் தந்திருக்கிறோம். இரண்டு நுணுக்குக்காட்டி, மெல்லிய கண்ணுள்ள வலை ஒன்று, ஊசிகள். வளைவில் எங்கள் பெயர் வராவிட்டால் குறையில்லை.

இந்த மலர் கொழும்புக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகுமாம். வாசிக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய பெட்டியில், மண்ணிறத் தாள் உறையிட்ட, ஓரத்தில் மண்ணெண்ணெய் பட்ட கறையுள்ள விலங்கியல் செய்முறைக் கொப்பி ஒன்று இருக்கிறதா பாருங்கள். பதினான்காவது செய்முறை. படத்துக்குக் கீழே பெயர் எழுதுமிடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். கண்டால் சங்கத்துக்கு அறிவியுங்கள். தபாற்செலவு எங்களுடையது.