வீட்டுப் பத்திரம் விசா ஆகாது

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் சில வீடுகளில் மருமகனோ மருமகளோ ஐரோப்பிய நாட்டவர். "ஸ்பெயினில் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள், இனி நம் பெண் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம்தானே?" என்று கேட்கிறீர்கள். இருக்க முடியாது. பத்திரம் சொத்துரிமையைத் தரும்; தங்கும் உரிமையைத் தராது.

ஓர் உதாரணம். பெண்ணிடம் இந்திய பாஸ்போர்ட். கணவர் ஜெர்மன் குடிமகன். வசிப்பது ஜெர்மனியில், விடுமுறை வீடு ஸ்பெயினில்.

முதலாவது, அவர் தனியாக ஸ்பெயின் போனால், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். ஜெர்மன் வசிப்பு அட்டை இருப்பதால் ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் கணக்கில் வராது. மற்ற ஷெங்கன் நாடுகளில் இருந்த நாட்கள் எல்லாம் சேரும். பிரான்சுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டும் கணக்கில் உண்டு. பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தால் 59 நாள். மறுபடி மே 1 போனால் மே 31 வரைதான். ஜூன் 1 அன்று 91 ஆகிவிடும்.

இரண்டாவது, கணவருடன் போனால் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 சட்டப்படி, கணவர் தன் சொந்த நாடு அல்லாத வேறு உறுப்பு நாட்டில் இருக்கும்போது மனைவியும் உடன் மூன்று மாதம் வரை தங்கலாம். சென்னையிலிருந்து அப்படிக் கிளம்புபவருக்கு விசா தேவை. ஆனால் வழக்கமான 90 யூரோ கட்டணம் கிடையாது.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது விடுமுறை அல்ல, குடியேற்றம். கணவர் அங்கே பதிவு செய்ய வேண்டும். வேலை இல்லாவிட்டால் போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். மனைவி குடும்ப உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் ஸ்பெயினில் வரிக்கணக்கும் தொடங்கிவிடும்.

கணவரின் சொந்த நாட்டில் பொதுவாக இந்தச் சட்டம் பொருந்தாது. அந்த நாட்டின் விதிதான். ஜெர்மனியில் ஜெர்மன் கணவருடன் வாழ இங்கிருந்து போகும் மனைவி பெரும்பாலும் ஏ1 நிலை ஜெர்மன் தேர்வு எழுத வேண்டும்.

"யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியே நாட்களை எண்ணும் முறை வந்துவிட்டது. கூடுதலாகத் தங்கினால் அபராதம் வரலாம். மீண்டும் நுழையத் தடையும் வரலாம். பிறகு விசா கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

நாம் இங்கிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிந்து, சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கி வையுங்கள். அழைப்பிதழும் ஆல்பமும் அங்கே செல்லாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஐந்தாண்டு விசா கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான். மகளின் பிரசவத்துக்குப் போகிறவர்கள் அதற்குமுன் சுற்றுலாவில் நாட்களைச் செலவழித்துவிடாதீர்கள். குழந்தை சொன்ன தேதியில் பிறக்காது. கையில் இரண்டு வாரமாவது மிச்சம் இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.