சொல்லுக்கு வழிவிடும் இசை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். ஆறுகள் மூன்றாயினும், கூடியபின் கடலை நோக்கிச் செல்வது பாலாறு என்னும் ஒரு பெயரே. மற்ற இரண்டும் நீரைத் தந்து பெயரை விட்டுவிடுகின்றன. கவிதை வாசிப்புக்குப் பின்னணி இசை அமைப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இவ்வூரின் மணற்பரப்பிலேயே கிடக்கிறது எனலாம். கவிதையும் குரலும் இசையும் கூடலாம். கூடியபின் நிலைக்க வேண்டிய பெயர் கவிதையினுடையது.

வாய்விட்டு ஓதும் மரபு இவ்வூருக்குப் புதியதன்று. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு இங்குள்ள பெருமாள் கோயிலில் இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலைக்காக அறிஞர்கள் அதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அதே கல்வெட்டு வேதமும் இலக்கணமும் பயிற்றிய ஒரு கல்விக்கூடத்தையும் குறிக்கிறது. அந்நாளில் கல்வி என்பது பெரும்பாலும் செவிவழிக் கல்வியே. ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பதை உணர்ந்து வாழ்ந்த ஊர் இது.

இன்றைய கவியரங்குகளில் நிகழ்வது என்ன? கவிஞர் ஒலிபெருக்கி முன் நிற்கிறார். மின்னிசைப் பலகை முழங்குகிறது, குழல் உருகுகிறது. கவிதை முடிந்ததும் கைதட்டல் எழுகிறது. வெளியே வந்தவரிடம் எந்த வரி நெஞ்சில் நின்றது என்று கேட்டால், "இசை மிக நன்றாக இருந்தது" என்பார். அச்சில் கவிதை படிப்பவர் பக்கத்தைத் திருப்பி மீண்டும் படிக்கலாம். அரங்கில் அமர்ந்தவருக்கு ஒரே வாய்ப்புத்தான். ஒரு சொல் இசைக்குள் அமிழ்ந்தால் ஒரு வரி போகும். ஒரு வரி போனால் கவிதையே போகலாம். இசை வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கைவிட, அது எவ்வளவு, எவ்விடத்தில் என்னும் கேள்வியே பெரிது.

தமிழ் மரபு இக்கேள்விக்கு முன்பே விடை கண்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் 48 பேரை அமர்த்தினான். அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர். நாற்பத்தெட்டுக் குரல்களுக்கு இரண்டே கருவிகள்! பெருஞ்செல்வம் படைத்த அரசனுக்குக் கருவி வாங்கப் பொருளில்லாமல் போயிருக்குமா? சொல் கேட்கவேண்டும் என்பதே அக்கணக்கின் உட்பொருளாதல் வேண்டும். திருவரங்கத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் அரையர்கள் இன்றளவும் கைத்தாளம் ஒன்றையே துணைக்கொண்டு திவ்வியப் பிரபந்தம் இசைக்கின்றனர்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனுக்கு இலக்கணம் கூறுகிறது. யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் கேட்கும்படி அவன் வாசிக்கவேண்டும். ஒலியை ஆக்குவதிலும் அடக்குவதிலும் மிகை செய்தலாகாது. முழக்கத் தெரிந்தவனுக்கு அடக்கவும் தெரியவேண்டும் என்பது இளங்கோவடிகளின் துணிபு.

எல்லாவற்றினும் நுட்பமான பாடத்தைப் பெரியபுராணம் தருகிறது. திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், அவர் யாழினால்தான் பதிக இசை சிறக்கிறது என்றனர். பாணர் அஞ்சி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். அதுவே யாழ்முரி. இசைக்க முயன்று இயலாத பாணர், யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதனை வாங்கி, மீண்டும் அவரிடமே கொடுத்து, இயன்ற அளவில் வாசிக்கச் சொன்னார். சொல் முழுவதையும் கருவி அடக்கிவிட முடியாது. அதற்காகக் கருவியை முறிக்கவும் வேண்டா. இயன்ற அளவே துணையின் அளவு. பின்னணி இசைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை.

மேலை நாட்டாரும் இவ்வழியிற் பலவாறு முயன்றனர். டென்னிசனின் 'ஈனக் ஆர்டன்' என்னும் நெடுங்கவிதைக்கு ரிச்சர்டு ஸ்ட்ராஸ் 1897இல் பியானோ இசை அமைத்தார். நெடுநேரம் பியானோ வாளாவிருக்க வாசிப்பு தனியே செல்லும். கதை திரும்புமிடங்களில் மட்டும் இசை வந்து தொடும். இதற்கு மாறாக, ஈடித் சிட்வெல்லின் கவிதைகளுக்கு வில்லியம் வால்டன் அமைத்த 'ஃபசாடு' 1923இல் இலண்டனில் பொதுமக்கள் முன் அரங்கேறியபோது, கவிஞர் திரைக்குப் பின்னால் இருந்து கூம்புக்குழாய் ஒன்றின் வழியே வாசித்தார். கருவிகளுக்கு ஈடுகொடுக்கக் குரலுக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. இப்பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதம் படிக்கப்படுகிறது. இரவில் கூத்து நிகழ்கிறது. கூத்தில் பாட்டுக்கு மிருதங்கமும் டோலக்கும் முகவீணையும் முழங்கும். வசனம் தொடங்கினால் முழக்கம் ஓயும். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்து நிற்கும். வாக்கியம் முடிந்த இடத்தில் ஓர் அடி விழும். எழுதிவைத்த இசைக்குறிப்பு அவர்களிடம் இல்லை. பேசுபவரின் மூச்சே அவர்களுக்குக் குறிப்பு.

இனி, இசை அமைக்கும் முறை. முதற்கண் கவிதையை இசையின்றி வாய்விட்டுப் படிக்கச்செய்து, வாசகர் மூச்சு வாங்கும் இடங்களை ஏட்டில் குறிக்கவேண்டும். இசை நுழையத்தக்க வாயில்கள் அவையே. மரபுக் கவிதையாயின் யாப்பே பாதி வேலையைச் செய்து தரும்: வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியத்துக்கு அகவலோசை, கலிக்குத் துள்ளலோசை, வஞ்சிக்குத் தூங்கலோசை. துள்ளலோசையின்மேல் வேறொரு தாளத்தைச் சுமத்தினால் இரண்டும் கெடும். புதுக்கவிதையில் வரி முறியும் இடமே தாளம். அங்கு மத்தளத்தைவிடத் தம்புராவின் சுருதியோ, உடுக்கையின் ஒற்றை அதிர்வோ போதும்.

அடுத்தது ஒலியின் இயல்பு. க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின மெய்களே ஒரு சொல்லைப் பிறிதொரு சொல்லினின்று பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு கொள்கின்றன. மெய்யொலிகளின் தெளிவு பெரிதும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சார்ந்தது. உச்சத்தில் இழையும் வயலினும் சலசலக்கும் சாலராவும் அப்பகுதியை நிரப்பிவிடும். அப்போது குரல் கேட்கும், சொல் கேளாது. கேட்போருக்கு மனப்பாடமான பாடலின் மெட்டையும் தவிர்த்தல் நலம். அம்மெட்டு தன் சொற்களையும் கூடவே அழைத்துவந்து கவிதையின்மேல் அமர்த்திவிடும். உருக்கமான வரிக்கு உருக்கமான இராகம் என்பதும் எப்போதும் பொருந்துவதன்று. துயரைச் சொல் சொல்லிவிட்ட பிறகு குழலும் அதனையே கூறினால் அது கூறியது கூறல் என்னும் குற்றமாகும்.

கவிஞருக்கும் ஒரு கடமை உண்டு. இசைத்துணையால் மட்டுமே நிற்கும் வரியை அவர் அடையாளம் காணவேண்டும். ஒத்திகையின் நடுவே கருவிகளை நிறுத்தி, அவ்வரியைத் தனியே படித்துப் பார்க்கட்டும். நின்றால் இசையைச் சேர்க்கலாம். தள்ளாடினால் திருத்த வேண்டியது வரியை. இசையைக் கூட்டுவதால் பயனில்லை. மெலிந்த கவிதைக்குப் போர்வையாக இசையைக் கேட்பது கவிதைக்கும் இழுக்கு, இசைவாணருக்கும் இழுக்கு.

பத்தாண்டு நிறைவு என்பது ஓர் அமைப்பு தன் பழக்கங்களை எடைபோட்டுப் பார்க்கும் வேளை. இனி இவ்வட்டத்தின் ஒவ்வோர் இசைசார் வாசிப்பிலும் ஒரு கவிதையேனும் எவ்விதத் துணையுமின்றி ஒலிக்கட்டும். இசைவாணர்கள் கருவிகளை மடியில் வைத்துக்கொண்டு அதனைக் கேட்டிருக்கட்டும். அவ்வாறு கேட்கப் பழகியவர், அடுத்த கவிதைக்கு எத்துணைச் சிறிதளவு வாசித்தால் போதும் என்பதைத் தாமே அறிவார்.